பலகைக்கு முன் பாதம்

பனிச்சறுக்கில் ஓரளவு தேறியதும் எல்லாருக்கும் புதுப் பலகைமீதுதான் கண் போகிறது. தரமுயர்த்தும் பணத்தை எந்த வரிசையில் செலவிடுவது என்பதை, கையை முறித்துக்கொண்டு கற்றுக்கொண்ட ஒருவரின் அனுபவம் இது.

நிசெக்கோவில் ஒரு ஜனவரி மாதக் காலை. குளிர் மைனஸ் 9 டிகிரி. இரவெல்லாம் பெய்த பனி முழங்கால் அளவுக்குக் கிடந்தது. மலைமேல் ஏற்றிச் செல்லும் கோண்டோலாவுக்கு வரிசையில் நின்றிருந்தேன். கையில் 900 வெள்ளிக்கு வாங்கிய புத்தம்புதுப் பலகை. வரிசை நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். என் இடது காலணியின் அடிப்பாகம் மட்டும் நகரவில்லை. பனியில் பதிந்தபடி பின்னாலேயே நின்றுவிட்டது.

எனக்குப் பின்னால் நின்ற தம்பி அதைக் குனிந்து எடுத்து என் கையில் கொடுத்தான். “அண்ணே, பலகை புதுசு, கால் பழசு” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று பிற்பகல் சிரிக்கவில்லை. வாடகைக் கடையில் என் அகலமான பாதத்துக்கு ஏற்ற அளவு தீர்ந்துபோயிருந்தது. ஓர் அளவு பெரிய காலணியை மாட்டிக்கொண்டு மலையேறினேன். உள்ளே குதிகால் தூக்கித் தூக்கி விழுந்தது. கீழேயோ என் திறனுக்கு மிஞ்சிய விறைப்பான பலகை. இரண்டாவது இறக்கத்தில் பலகையின் விளிம்பு பனியில் குத்திக்கொள்ள, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அப்போது என் மகளுக்கு எட்டு மாதம். அந்த ஆறு வாரமும் அவளை என்னால் தூக்க முடியவில்லை.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோது பனிமீது பழிபோட வழியில்லை என்று தெரிந்தது. நான் பணத்தைச் செலவிட்ட வரிசைதான் தவறு. கண்ணைக் கவரும் பலகைக்கு 900 வெள்ளி. உடலைத் தொடும் காலணிக்கு ஒரு காசு இல்லை. மணிக்கட்டுக் கவசம் என்று ஒன்று இருப்பதையே நினைக்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஆண்டு இறுதியிலும் சீனப் புத்தாண்டு விடுமுறையிலும் ஜப்பானியப் பனிமலைகளுக்குப் போகும் நம் இளையர்கள் பெருகிவருகிறார்கள். முதல் பயணத்தில் எல்லாம் வாடகை. இரண்டாவது, மூன்றாவது பயணத்தில் ‘சொந்தமாக வாங்கலாமே’ என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணத்தோடு இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வாங்கத்தான் வேண்டுமா?

முதலில் கணக்கு. நல்ல பலகை ஒன்று 800 வெள்ளி, அதன்மேல் காலைப் பிணைக்கும் பைண்டிங் 400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,200. இவற்றை வாடகைக்கு எடுக்க நாளுக்கு 60 வெள்ளி என்றால், 20 நாள்கள் சறுக்கினால்தான் போட்ட பணம் திரும்பும். ஆண்டுக்கு ஐந்து நாள்கள் மட்டுமே மலையில் இருப்பவருக்கு அது நான்கு ஆண்டு. இடையில் விமானத்தில் கூடுதல் எடைக்கான கட்டணம், மெழுகு, விளிம்பு தீட்டும் செலவு ஆகியவையும் சேரும்.

ஆனால், காலணிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வாடகைக் காலணியின் உட்புற மெத்தை நூறு பேரின் பாதத்துக்கு வளைந்து கொடுத்துத் தளர்ந்து போயிருக்கும். சொந்தக் காலணியோ நாளாக ஆக உங்கள் பாதத்தின் அச்சாகவே மாறும். வாடகைப் பலகையில் நன்றாகச் சறுக்கலாம். பொருந்தாத காலணியில், எவ்வளவு விலையுயர்ந்த பலகை இருந்தாலும் சறுக்க முடியாது.

இரண்டாவது, உங்கள் திறன். ஜப்பானில் சறுக்குப் பாதைகளைப் பச்சை, சிவப்பு, கறுப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சை தொடக்கநிலை, சிவப்பு நடுநிலை, கறுப்பு தேர்ந்தவர்களுக்கு. சிவப்புப் பாதையில் முன்விரல் பக்கமும் குதிகால் பக்கமும் மாறி மாறி, நிற்காமல் வளைந்து இறங்க முடிகிறதா? முடிந்தால் பலகை வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். இன்னும் முடியவில்லை என்றால் அந்தப் பணத்துக்கு இரண்டு நாள் பயிற்றுவிப்பாளரை வைத்துக்கொள்வதே மேல்.

மூன்றாவது, இப்போதுள்ள கருவி எங்கே உங்களைத் தடுக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். முன்விரலை ஊன்றித் திரும்பும்போது குதிகால் தூக்குகிறதா? குற்றம் காலணியில். கூர்மையாகத் திரும்பும்போது காலணியின் நுனி பனியில் உரசுகிறதா? பலகையின் அகலம் போதவில்லை. வேகமெடுத்தால் பலகை படபடவென்று ஆடுகிறதா? அது மிக மென்மையாகவோ குட்டையாகவோ இருக்கலாம். புதுப்பனியில் முன்முனை மூழ்குகிறதா? பலகையின் வடிவத்தையோ நீங்கள் நிற்கும் இடத்தையோ மாற்றவேண்டும். ‘எல்லாரிடமும் இருக்கிறது’ என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை என்றால் இன்னும் ஓர் ஆண்டு பொறுக்கலாம்.

முதல் செலவு: காலணி

பனிச்சறுக்குக் காலணிகளின் அளவு பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறிப்பது. ஜப்பானியக் கடைகளில் எல்லாக் காலணிக்குமே இந்த முறைதான். சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, நீளமான விரலின் நுனிவரை அளந்துகொள்ளுங்கள். இரண்டு பாதங்களையும் அளக்கவேண்டும். பெரும்பாலோருக்கு ஒன்று சற்றுப் பெரிதாக இருக்கும்.

நம்மவர்கள் செய்யும் முதல் தவறு பெரிய காலணி வாங்குவது. ‘தடித்த காலுறை இரண்டு போட்டுக்கொள்ளலாம்’ என்று நினைக்கிறோம். அது குளிரைக் குறைக்காது. காலுறைகள் ஒன்றோடொன்று உரசிக் கொப்புளம்தான் வரும். இறுக்கம் கூடினால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் இன்னும் மரத்துப்போகும். மெல்லிய கம்பளிக் காலுறை ஒரு சோடி போதும். பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும்.

சரியான காலணியில் நிமிர்ந்து நின்றால் விரல் நுனிகள் முன்புறத்தை லேசாகத் தொடவேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் விரல்கள் சற்றுப் பின்வாங்கவேண்டும். அப்போது குதிகால் எழும்பவே கூடாது. கடையில் போட்டதும் கழற்றிவிடாதீர்கள். 15, 20 நிமிடம் அதிலேயே நடந்து, குந்தி, குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். வலி ஓர் இடத்தில் மட்டும் குத்தினால் அந்தக் காலணி உங்களுடையதன்று. ஒட்டுமொத்தமாகக் கட்டிப்பிடித்ததுபோல் இருந்தால் நல்லது. உள்மெத்தை சில நாள்களில் அமுங்கி இடம்கொடுக்கும். பல காலணிகளின் உள்மெத்தையைச் சூடாக்கி உங்கள் பாதத்துக்கு ஏற்ப வார்த்துத் தரவும் கடைகளில் வசதி உண்டு.

ஆண்டு முழுவதும் செருப்பிலும் வெறுங்காலிலும் பழகிய நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம். நீளத்தைக் கூட்டி அந்த அகலத்தைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அகலப் பாதத்துக்கென்றே சில நிறுவனங்கள் தனி வார்ப்பு வைத்திருக்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள்.

கட்டும் முறையில் மூன்று வகை. சாதாரணக் கயிறு, இழுத்துப் பூட்டும் விரைவுக் கயிறு, குமிழைத் திருகினால் கம்பி இறுகும் ‘போவா’. கயிறு அறுந்தால் எங்கும் மாற்றிக்கொள்ளலாம். குமிழ், கையுறையோடும் இறுக்கலாம் என்பதால் வசதி. ஆனால் மேல்பாதத்தையும் கணுக்காலையும் தனித்தனியே இறுக்க இரண்டு குமிழ் உள்ளதாகப் பாருங்கள். விறைப்பைப் பெரும்பாலான நிறுவனங்கள் 1 முதல் 10 வரை எண்ணால் குறிக்கின்றன. இது எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் அன்று. ஒரு நிறுவனத்தின் 5 இன்னொன்றின் 7ஆக இருக்கலாம். எண்ணை நம்புவதைவிட, போட்டு முழங்காலை மடக்கிப் பார்ப்பதே உறுதி. நடுநிலையாளருக்கு நடுத்தர விறைப்பு போதும்.

இரண்டாவது செலவு: தலை, கண், மணிக்கட்டு

பலகைக்கு முன்னால் இதை வைப்பதற்கு என் மணிக்கட்டே சாட்சி. விழும்போது கையை ஊன்றுவது நம் உடம்பின் இயல்பு. அதனால் பனிச்சறுக்குப் பலகையில் விழுபவர்களுக்கு, அதிலும் புதியவர்களுக்கு, மணிக்கட்டு முறிவு மிகச் சாதாரணம். உள்ளே தகடு வைத்த மணிக்கட்டுக் கவசத்தின் விலை ஒரு வேளைக் குடும்பச் சாப்பாட்டுச் செலவுதான். கையுறைக்குள் போடும் வகையா, மேலே போடும் வகையா என்று பார்த்து, கையுறையோடு சேர்த்தே போட்டுப் பாருங்கள்.

தலைக்கவசத்தில் ‘இஎன் 1077’ அல்லது ‘ஏஎஸ்டிஎம் எஃப்2040’ என்ற தர முத்திரை இருக்கவேண்டும். மிதிவண்டித் தலைக்கவசம் இதற்கு உதவாது. புருவத்துக்கு மேலே இரண்டு விரற்கிடை விட்டுத் தலையின் சுற்றளவை அளந்து வாங்குங்கள். வாரைப் பூட்டாமல் தலையை ஆட்டினால் கவசம் தலையோடு ஆடவேண்டும், தனியாக ஆடக்கூடாது. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடவேண்டும். உள்ளிருக்கும் நுரை நசுங்கித்தான் தலையைக் காக்கிறது. ஒருமுறை நசுங்கியது மறுபடி காக்காது. எனவே பிறர் பயன்படுத்திய தலைக்கவசம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கண்ணாடி வாங்குபவர்கள் பளபளக்கும் கறுப்புக் கண்ணாடியைத் தேடுகிறார்கள். அது வெயில் நாளுக்குச் சரி. ஹொக்கைடோவில் ஜனவரி மாதம் பாதி நாள் வானமும் தரையும் ஒரே வெள்ளையாக இருக்கும். மேடு எது, பள்ளம் எது என்றே தெரியாது. அன்றைக்கு வெளிச்சத்தை அதிகம் உள்ளேவிடும் ‘எஸ்1’ வகை வேண்டும். அது 43 முதல் 80 விழுக்காடு வரை ஒளியை விடும். வெயிலுக்கான ‘எஸ்3’ விடுவது 8 முதல் 18 விழுக்காடுதான். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், ஹொக்கைடோ போகிறவர்கள் எஸ்1 வாங்குங்கள். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள், அதன்மேல் போடக்கூடிய வகையைக் கேளுங்கள்.

மூன்றாவது: பைண்டிங்

காலணியையும் பலகையையும் இணைக்கும் பாகம் இது. நீங்கள் பாதத்தில் கொடுக்கும் அழுத்தம் பலகைக்குப் போய்ச்சேர்வது இதன் வழியாகத்தான். காலணியை வாங்கிய பிறகுதான் இதை வாங்கவேண்டும். அளவு காலணிக்குப் பொருந்தவேண்டும், விறைப்பு காலணிக்கும் பலகைக்கும் இடைப்பட்டதாக இருக்கவேண்டும். மென்மையான காலணியோடு விறைப்பான பைண்டிங் சேர்ந்தால் வார் அழுத்தும் இடம் வலிக்கும்.

இரண்டு வார் கொண்டு கட்டும் பழைய முறையே இன்றும் அதிகம். எல்லாக் காலணிக்கும் பொருந்தும், பழுதானால் எளிதில் சரிசெய்யலாம். ஏறி மிதித்தால் தானே பூட்டிக்கொள்ளும் ‘ஸ்டெப் ஆன்’ முறையை பர்ட்டன் நிறுவனம் 2017ல் கொண்டுவந்தது. ஒவ்வொரு முறையும் பனியில் உட்கார்ந்து கட்டவேண்டியதில்லை என்பதால் பலருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதற்கென்றே செய்த காலணிதான் அதில் பூட்டும். பின்னால் காலணியை மாற்றினால் பைண்டிங்கையும் யோசிக்கவேண்டி வரும். காலணிக்கடியில் பனி ஒட்டியிருந்தால் பூட்டாது, தட்டிவிட்டு மிதிக்கவேண்டும்.

பைண்டிங்கைப் பொருத்தும் திருகு ஓட்டைகள் எல்லாப் பலகையிலும் ஒன்றல்ல. நான்கு ஓட்டைகளை ஒரு தொகுதியாகக் கொண்டவை பெரும்பாலானவை. பர்ட்டன் பலகைகளில் ஓட்டைக்குப் பதில் நீளமான காடி இருக்கும். வாங்குமுன் இரண்டும் பொருந்துமா என்று கடையில் கேட்டுவிடுங்கள். பொருத்திய பிறகு, தினமும் காலையில் திருகுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். அதிர்வில் அவை தளர்வது வழக்கம். சட்டைப்பையில் ஒரு சிறிய திருப்புளி இருக்கட்டும்.

கடைசியில்தான் பலகை

1965 கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பெண் குழந்தைகள் விளையாட இரண்டு சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துப் பிணைத்தார். ‘ஸ்னர்ஃபர்’ என்று பெயர் பெற்ற அந்தப் பொம்மையில் விளையாடி வளர்ந்தவர்களில் ஒருவர் ஜேக் பர்ட்டன் கார்ப்பெண்டர். 1977ல் வெர்மான்ட் மாநிலத்தில் தம் பெயரிலேயே பலகை செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1998ல் ஜப்பானின் நகானோவில் இது ஒலிம்பிக் விளையாட்டானது. அன்று ஒரே வகையாக இருந்தது இன்று நூறு வகையாகப் பெருகிக் கடைச் சுவரை நிறைத்திருக்கிறது. நாம் பார்க்கவேண்டியவை ஐந்துதான்.

ஒன்று, நீளம். ‘மோவாய்வரை வந்தால் போதும்’ என்று சொல்வார்கள். அது தோராயம். பலகைக்குத் தெரிவது உங்கள் உயரம் அன்று, உங்கள் எடை. ஒவ்வொரு பலகைக்கும் எடை வரம்பு அட்டவணை இருக்கும், அதைப் பாருங்கள். குட்டைப் பலகை எளிதில் திரும்பும். நீளப் பலகை வேகத்தில் நிலையாக நிற்கும்.

இரண்டு, அகலம். காலணி இருபுறமும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். அதற்குமேல் போனால் திரும்பும்போது பனியில் உரசித் தள்ளிவிடும். காலணி 28.5 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ என்றால் ‘வைடு’ வகையைப் பாருங்கள். சிறிய பாதத்துக்கு அகலப் பலகையும் ஆகாது. விளிம்பு மாற்றவே கால் வலிக்கும். காலணியை முதலில் வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று, வளைவு. பலகையைச் சமதரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். நடுப்பகுதி வில்போல் மேலெழும்பியிருந்தால் ‘கேம்பர்’. ஏறி நின்றதும் அந்த வில் அமுங்கி, விளிம்பு முழுவதும் பனியைக் கவ்வும். கெட்டியான தரையில் உறுதியாகப் பிடிக்கும், ஆனால் தவறை மன்னிக்காது. நடுப்பகுதி தரையில் பட்டு முனைகள் எழும்பியிருந்தால் ‘ராக்கர்’. புதுப்பனியில் மிதக்கும், எளிதில் திரும்பும், ஆனால் இறுகிய பனியில் வழுக்கும். இரண்டையும் கலந்தது ‘ஹைபிரிட்’. நடுநிலையாளர்களுக்குப் பெரும்பாலும் இதுவே பொருத்தம்.

என்னை வீழ்த்தியது முழுக் கேம்பர். சறுக்கும்போது பலகை ஒரு நொடி தட்டையாகப் படுத்தாலும் கீழ்ச்சரிவுப் பக்க விளிம்பு பனியில் குத்திக்கொள்ளும். பலகை அங்கேயே நிற்க, உடம்பு மட்டும் முன்னால் பாயும். தேர்ந்தவர்கள் அந்த நொடியை வரவிடமாட்டார்கள். நான் தேர்ந்தவன் ஆகுமுன்பே தேர்ந்தவனின் பலகையை வாங்கிவிட்டேன்.

நான்கு, வடிவம். முன்னும் பின்னும் ஒரேமாதிரி இருந்தால் ‘ட்வின்’. எந்தக் காலை முன்வைத்தும் சறுக்கலாம், குதித்து விளையாட ஏற்றது. முன்முனை நீண்டு பின்முனை குறுகியிருந்தால் ‘டைரக்‌ஷனல்’. புதுப்பனிக்கும் வேகத்துக்கும் நல்லது.

ஐந்து, அடிப்பரப்பு. பொடியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்த ‘சின்டர்டு’ அடிப்பரப்பு மெழுகை உறிஞ்சி வேகமாக ஓடும். ஆனால் அடிக்கடி மெழுகு போடவேண்டும். உருக்கி வார்த்த ‘எக்ஸ்ட்ரூடடு’ மெதுவானது, மலிவானது, பராமரிப்பும் குறைவு. ஆண்டில் ஐந்து நாள் சறுக்கிவிட்டு மெழுகு பக்கமே போகாதவருக்குச் சின்டர்டு தேவையில்லை.

புதுப்பனி ஆசை

நிசெக்கோவுக்கு ஏன் இவ்வளவு பேர் போகிறார்கள்? சைபீரியாவிலிருந்து வரும் குளிர்க்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, ஹொக்கைடோ மலைகளில் பஞ்சுபோன்ற உலர்பனியாகக் கொட்டுகிறது. பருவத்துக்கு ஏறத்தாழ 15 மீட்டர் பொழிவதாகச் சொல்கிறார்கள். அந்தப் பனிக்கென்றே முன்முனை பெருத்த, குட்டையான, அகலமான பலகைகள் உண்டு. பார்த்ததும் வாங்கத் தோன்றும். வாங்காதீர்கள். பனி கொட்டிய அன்று அந்த வகைப் பலகையை ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். கொட்டாத நாளில் அது உங்களுக்குச் சுமைதான்.

இதைவிட முக்கியமான ஒன்று. புதுக் கருவி கையில் வந்ததும் கயிற்றுக்கு அப்பால் இருக்கும் தொடப்படாத பனி கண்ணைப் பறிக்கும். நிசெக்கோவில் எல்லைக்கு வெளியே போவதற்கென்று வாயில்கள் உண்டு. ‘நிசெக்கோ விதிகள்’ என்றே அறிவித்திருக்கிறார்கள். வாயில் திறந்திருந்தால் அதன் வழியாக மட்டுமே போகலாம், கயிற்றைத் தாண்டக்கூடாது. வெளியே பனிச்சரிவு உண்டு. மரங்களின் அடியைச் சுற்றி இறுகாத பனியால் மூடிய குழிகள் உண்டு. தலைகீழாக அதில் விழுந்தவர் தாமாக வெளியேறுவது கடினம். அங்கே போகிறவரிடம் இருப்பிடம் காட்டும் பீக்கன், பனியைத் துளைத்துத் தேடும் கோல், மண்வாரி ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். மூன்றையும் பயன்படுத்தத் தெரிந்த துணையும் வேண்டும். வழிகாட்டி இல்லாமல் போவதை நினைக்கவே வேண்டாம். உங்கள் பயணக் காப்புறுதி எல்லைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கு ஈடு தருமா என்பதையும் புறப்படுமுன் படித்துவிடுங்கள்.

எங்கே, எப்போது வாங்குவது?

தோக்கியோவின் கண்டா ஒகாவாமச்சி வட்டாரம் பனிச்சறுக்குக் கடைகளுக்குப் பெயர்பெற்றது. ஒரு நாள் ஒதுக்கினால் பல கடைகளில் காலணியைப் போட்டுப் பார்க்கலாம். பருவம் முடியும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் விலை இறங்கும். பலகையை அப்போது வாங்குவது நல்லது. சென்ற ஆண்டுப் பலகைக்கும் இந்த ஆண்டுப் பலகைக்கும் பல நேரங்களில் படம் மட்டுமே வேறு. காலணியை மட்டும் தள்ளுபடிக்காகக் காத்திருந்து வாங்காதீர்கள். அப்போது உங்கள் அளவு இருக்காது.

ஜப்பானின் 10 விழுக்காடு விற்பனை வரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு விலக்கு உண்டு. கடப்பிதழைக் கையில் வைத்திருங்கள். 2026 நவம்பர் முதல் வரியோடு விலை கொடுத்து, நாடு திரும்பும்போது திரும்பப் பெறும் முறை. அதேபோல, 48 மணி நேரத்துக்குமேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பும் பயணிக்கு, வாங்கிவரும் பொருள்களில் 500 வெள்ளி மதிப்புக்குத்தான் பொருள் சேவை வரி விலக்கு. மிஞ்சிய தொகைக்கு 9 விழுக்காடு கட்டவேண்டும். பட்ஜெட் போடும்போதே அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலகையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் அல்லாட வேண்டாம். விமான நிலையத்திலிருந்து தங்குமிடத்துக்குப் பலகையைக் கொண்டுசேர்க்கும் ‘தக்யுபின்’ சேவை ஜப்பான் முழுவதும் உண்டு. ஓரிரு நாள் முன்னதாக அனுப்பவேண்டும்.

பயன்படுத்திய பலகை வாங்குபவர்கள் விளிம்பை விரலால் வருடிப் பாருங்கள். விரிசலோ, தகடு பிரிந்த இடமோ இருந்தால் விட்டுவிடுங்கள். அடிப்பரப்பில் சிறு கீறல் பரவாயில்லை.

நம் ஊர் ஈரம்

என் காலணி ஏன் பிய்ந்தது? நான்கு ஆண்டுக்கு முன் வாங்கியது. அதில் இரண்டு ஆண்டு ‘பாம் ஷெல்டர்’ அறையில், பையைக்கூடத் திறக்காமல் கிடந்தது. வெளியே பார்க்கப் புதிது போலத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு மட்டும் போடும் காலணியின் அடிப்பாகம் மண்டப வாசலில் உதிர்ந்த அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். அதேதான் இங்கும். நம் காற்றின் ஈரமும் சூடும் பசையையும் நுரையையும் மெதுவாகச் சிதைக்கின்றன. ஓராண்டில் 360 நாள் நம் கருவிகள் இருப்பது பனியில் அல்ல, வீவக வீட்டு அலமாரியில்.

ஆகவே திரும்பியதும் செய்யவேண்டியவை சில. பலகையைப் பையிலிருந்து எடுத்துத் துடைத்து உலரவிடுங்கள். இரும்பு விளிம்பு நம் ஊரில் சீக்கிரமே துருப்பிடிக்கும். அடிப்பரப்பில் தடிப்பாக மெழுகு பூசி விளிம்பையும் மூடிவிட்டால் அடுத்த பயணம்வரை காக்கும். புறப்படுமுன் சுரண்டிவிடவேண்டும். பைண்டிங் திருகுகளைத் தளர்த்தி வையுங்கள். காலணியின் உள்மெத்தையை வெளியே எடுத்துக் காயவைத்து, காற்றோட்டமான அறையில் வையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள். கண்ணாடியின் ஓரத்து நுரையும் இப்படித்தான் உதிரும். ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் போடுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே எல்லாவற்றையும் வெளியே எடுத்து, காலணியைப் போட்டு வீட்டுக்குள் ஒரு மணி நேரம் நடங்கள். பிய்வதென்றால் இங்கேயே பிய்யட்டும்.

அந்த 900 வெள்ளிப் பலகையை விற்றுவிட்டேன். பாதி விலைதான் கிடைத்தது. அந்தப் பணத்தில் முதலில் காலணி, பிறகு தலைக்கவசம், மணிக்கட்டுக் கவசம் என்று வாங்கினேன். மறுபடி போனபோது பலகையும் பைண்டிங்கும் வாடகை. ஒரு நாள் ட்வின், ஒரு நாள் டைரக்‌ஷனல் என்று மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தேன். நான்காம் நாள், முன்பு விழுந்த அதே சிவப்புப் பாதையில் மேலிருந்து கீழ்வரை நிற்காமல் இறங்கினேன். எனக்கு எந்தப் பலகை வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது. அடுத்த மார்ச்சில் வாங்கலாம் என்றிருக்கிறேன்.

புறப்படும்போது அம்மா வழக்கம்போல், “நடக்கறதுக்கு இங்க இடமில்லையாப்பா?” என்று கேட்டார். பதில் சொல்லாமல் மணிக்கட்டுக் கவசத்தை எடுத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத மொதல்லயே வாங்கியிருக்கக்கூடாதா?” என்றார். இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல முயன்றதும் அதுதான்.